சண்டே சர்க்கிட்டின் தூர வளைவு

ரிமோட் கார் ரேஸ் விளையாட்டுகளில் எது நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். இரண்டாயிரமாம் ஆண்டில் எனக்குச் சம்பளம் கிடைத்ததே அதற்குத்தான்.

கண்டி கொட்டுகொடெல்ல வீதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் மஹ்மூத் நானாவின் கம்ப்யூட்டர் கேம் கடை. ஆறு மெஷின், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ, ஒரு நான். என் பெயர் பேச்சியம்மா. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் அப்பாவுக்கு வேலை. நான் ஏ.எல். முடித்து, பேராதனையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, வளர்ந்த ஆண்பிள்ளைகள் பொம்மைக் கார் ஓட்டுவதை மேற்பார்வை செய்தேன். தோட்டத்தில் என்னைக் கம்ப்யூட்டர் டீச்சர் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

நானாவிடம் அப்போது இரண்டு ரிமோட் கார் விளையாட்டுகள் இருந்தன. ஒன்று டர்போ கராஜ், மற்றது சண்டே சர்க்கிட். ஓகஸ்ட் விடுமுறையில் போட்டி ஒன்று வைக்க அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஆறு மெஷின்லயும் ஒரே கேம் ஈக்கோணும் புள்ள. ரெண்டுல எது நல்லம் எண்டு வெளாடிப் பாத்துச் சொல்லு. நான் போர்ட் எழுதித் தொங்கப் போடுற," என்றார். அலவத்துகொடைக்காரர், எதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் வாங்குவார். எனக்கு ஜூலை முழுவதும் தவணை கொடுத்தார்.

ஒப்பிடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரு சி.ஆர். கொப்பியில், தடித்த அட்டை போட்ட நோட்டில், கோடு போட்டு இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று எழுத ஆரம்பித்தேன்.

டர்போ கராஜில் கமரா காரின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடும். கார் திரும்பினால் நாமும் திரும்புவோம். சாப்பாட்டு மேசை, வீட்டுக் கூரை, பள்ளிக்கூட வராந்தா என்று ஓடுகிற இடமெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. பின்னால் வருகிறவன் வழுக்கி விழ எண்ணெய் ஊற்றலாம். படத்துக்கு ஒன்பது, சத்தத்துக்கு எட்டு. குறை ஒன்றுதான். அது ரிமோட் கார் மாதிரியே இல்லை. பொம்மைக்குள் நம்மையே உட்கார வைத்து ஓட்டுகிறது.

சண்டே சர்க்கிட் பார்வைக்கு ஏழை. ஒரு புல்வெளி, அதில் ஒரு மண் பாதை, அவ்வளவுதான். ஒரு மேடையில் ரிமோட்டும் கையுமாக நிற்கிறோம், நின்ற இடத்தை விட்டு அசைய முடியாது. கார் நம்மை விட்டுப் போய், எறும்பளவுக்குச் சிறுத்து, தூர வளைவில் திரும்பி நம்மைப் பார்த்து வரும். வினை அங்கேதான் இருக்கிறது. நம்மைப் பார்த்து வருகிற காருக்கு நம்முடைய வலதுதான் இடது. மூளைக்கு அது தெரியும், கைக்குத் தெரியாது. பட்டரி இறங்க இறங்க மோட்டார் முனகும், ஸ்டியரிங் சொல் கேட்காது. அந்த வளைவில் முட்டாத மனிதரை நான் பார்த்ததில்லை. நிஜமான ரிமோட் கார் அப்படித்தான் என்பதால் ஓட்டத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

தனியாக ஓட்டி எதையும் ஒப்பிட முடியாது. எதிராளி வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றால் அழுதார்கள். லீவில் வந்த ஆமிச் சிப்பாய்கள் தோற்றால் காசு கொடுக்க மறந்தார்கள். கடைசியில் எனக்கு வாய்த்தவர் திருச்செல்வம்.

பேராதனை வீதியில் ஒரு இரும்புக் கடையில் ஸ்டோர் கிளார்க். பகல் பன்னிரண்டரைக்கு வருவார், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் விளையாடுவார், போய்விடுவார். இருபத்தாறு வயது இருக்கும், என்னைவிட இரண்டு கூட. கைவிரல் நிதானம், தோற்றால் சிரிக்கிற குணம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பேச்சு மட்டும் ஒரு தினுசு. "எனக்குங்க அந்த மெஷின் தாங்கங்க," என்பார். "வெயில்ங்க, தாகமா இருக்குதுங்க," என்பார். எங்கள் பக்கத்து ஆள்தான், யாரோ பெரிய துரை பங்களாவில் வளர்ந்து மரியாதை முற்றிப்போன கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதற்கு, "கண்டிதாங்க," என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் டர்போ கராஜ் ஓட்டினோம். சத்தமில்லாமல் வந்தார், சத்தமில்லாமல் ஜெயித்தார். அடுத்த திங்கள் சண்டே சர்க்கிட்டைப் போட்டேன். மூன்றாவது சுற்று, பட்டரி பாதி, இரண்டு காரும் ஒட்டிக்கொண்டு தூர வளைவுக்குப் போயின. திரும்பின. அவருடைய கார் வேலியை நோக்கிப் போயிற்று.

"கோதாரி, உது எங்கை போகுது? இஞ்சாலை திரும்பன், இஞ்சாலை," என்று கத்தினார் திருச்செல்வம்.

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ், கோதாரி என்ற வசவிலிருந்து கடைசிச் சொல் வரை. ஒரு 'ங்க' கூட இல்லை. பக்கத்து மெஷினில் முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர் இருந்தார்கள். லீவில் வந்த சிப்பாய்கள் என்று பார்த்தவுடன் தெரியும். மஹ்மூத் நானா எதுவும் நடக்காத மாதிரி எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார். திருச்செல்வத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. கையிலிருந்த கேம் பேடைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் இன்னும் இருக்கும்போதே படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு முதலில் பயம், அடுத்து கோபம். கோபம்தான் வீடு வரைக்கும் கூட வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் இருந்தார். "அங்கிட்டு" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வகுப்பையே நிறுத்திச் சிரிப்பார். தோட்டத்துப் பேச்சு என்பார். இப்போது மழை என்றதும் அதே பேச்சைக் குடை மாதிரி எடுத்துப் பிடிக்கிறார்களா?

மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பகலில் நானா கடையைச் சாத்திவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். முன் கதவு பூட்டு. பின்னறையில் நானாவின் மதினி தையல் மெஷினோடு இருப்பார், அவருடைய மெஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நான் கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்படி வழியாகத் திருச்செல்வம் வந்து நின்றார்.

"அன்னைக்கு நடந்ததை யார்கிட்டயாவது சொன்னீங்களாங்க?"

"மொதல்ல அந்த ங்க-வை நிறுத்துங்க. எங்க ஊருல நாய்க்கும் பேய்க்கும் ங்க போட மாட்டோம்," என்றேன்.

அவர் கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். பிறகு தன் சொந்தப் பேச்சில், தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் பிறந்தது கண்டி ஆசுப்பத்திரியிலைதான். அப்பா இஞ்சை அரசாங்கக் கச்சேரியிலை வேலை. எண்பத்திமூண்டு கலவரத்திலை வீட்டை எரிச்சாப் பிறகு ஊருக்குப் போனம். எனக்கு அப்ப ஒன்பது வயசு. இரண்டு வருசத்துக்கு முந்தித் திரும்ப வந்தன். அடையாள அட்டையிலை பிறந்த இடமும் கண்டி, விலாசமும் கண்டி. வாயைத் திறந்தாத்தான் எனக்குப் பிரச்சினை."

"தெறந்தா என்னா ஆகும்?"

"என்ரை அறையிலை இருந்த பெடியன் ஒருத்தன் தேத்தண்ணிக் கடையிலை ஆரோடையோ கதைச்சவன். ஆரோ கேட்டிட்டுச் சொல்லிப்போட்டினம். பொலிஸ் பிடிச்சு ஏழு கிழமை உள்ளுக்கை. வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, நீயும் அந்தப் பக்கமெண்டா இண்டைக்கே வெளிக்கிடு எண்டா. இல்லை, நான் மலைநாடு எண்டு சொன்னன். அண்டையிலை இருந்து இப்பிடித்தான்."

பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் நாக்கு என் பேச்சைக் கேட்பதில்லை. "ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நான் உங்க வீட்டுக்கு வந்தா உங்கம்மா என்னையக் கதிரையில ஒக்காரச் சொல்லுவாங்களா?"

அவர் ஆம் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள், சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடக்கிறது.

"சொல்ல மாட்டா," என்றார்.

அது சுருக்கென்று குத்தியது. போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை என் பஸ்ஸைப் பேராதனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வழக்கம் போல எல்லாரும் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். எனக்கு இரண்டு ஆள் முன்னால் ஒரு மனிதர், வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. தமிழில் ஏதோ கேட்டார்கள். அவர் "ஓம்" என்றார். ஆமா என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்கிற ஒரே ஒரு சொல். அந்தப் பக்கம் போய் நில் என்று கை காட்டினார்கள். என்னுடைய அட்டையைப் பார்த்தவன் "கலஹா" என்று வாசித்துவிட்டுப் போகச் சொன்னான். பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. கண்டக்டர் அவருடைய பையை ஜன்னல் வழியாக இறக்கிக் கொடுத்தான். அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது என் மனதில் வந்தது திருச்செல்வத்தின் முகம்.

கோபம் கோபமாகவேதான் இருந்தது. ஆனால் அவர் வரிசையை விட்டு அந்தப் பக்கம் நிற்பதை என்னால் தாங்க முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. அன்று பகல் இரும்புக் கடைக்கே போய், ஆணி பார்க்கிற சாக்கில், வெள்ளிக்கிழமை பின்படியால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு ஆணிகூட வாங்கவில்லை. முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க எங்க பேச்சை எடுத்துக்கிட்டது எனக்குப் புடிக்கல," என்று வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். "ஆனா எடுத்ததுதான் எடுத்தீங்க, ஒழுங்காப் பேசுங்க. இப்புடிப் பேசினா எங்க ஊரு ஆட்டுக்குட்டி கூடக் கண்டுபுடிச்சிரும்."

பாடம் நடத்தப் பொருத்தமான விளையாட்டு எது என்பதில் சந்தேகமே இல்லை. டர்போ கராஜில் அவர் எப்படியும் பிசகமாட்டார், கார் அவரை விட்டு எங்கும் போவதில்லை. சும்மா உட்கார்ந்து பேசும்போது யாருக்கும் வரும். கை தடுமாறி, கார் தலைகீழாகி, மனிதன் தன்னை மறக்கிற இடத்தில் வாயில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. ஆகவே சண்டே சர்க்கிட். ஆகவே தூர வளைவு. கோதாரி என்றால் ஒரு சுற்றுக் குறைப்பேன். இஞ்சாலை என்றால் இன்னொரு சுற்று.

"அட கெரகமே. சொல்லுங்க."

"அட கிரகமே."

"கிரகம் இல்ல, கெரகம். நீங்க என்னா சாதகமா பாக்கறீங்க? சலிச்சுக்கிட்டுச் சொல்லணும். கொழுந்து நிறுக்கறப்ப கிலோவக் கொறைச்சுட்டா எப்படிச் சொல்லுவீங்க, அப்படி."

"எனக்கு ஒருத்தரும் கொழுந்து நிறுக்கேல்லை," என்றார் பாவமாக.

நான்கு வெள்ளிக்கிழமை. அங்கிட்டு, இங்கிட்டு, வந்துகிட்டு, போயிக்கிட்டு. வைவதற்கு ஏழு சொல் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு சொல் அப்பாவுக்கு முன்னால் நானே சொல்லத் துணியாதவை. எந்த 'ங்க' யாருக்கு, எந்த 'ங்க' யாருக்கும் இல்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போயிற்று. இடையில் அவர் அவருடைய பேச்சில் என்னிடம் கதைப்பார். கதைக்காமல் பாடம் நடத்த முடியுமா? சாவகச்சேரி சந்தை, தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் கால்நடையாகப் போன பாதை, அவருடைய அம்மா பத்மாதேவியின் கோபம். அம்மாவின் கோபத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அவரோடு போட்டிபோடலாம் என்று தோன்றியது. நான்காவது வெள்ளிக்கிழமை, கார் வேலியில் ஏறிக் கவிழ்ந்தபோது, தானாகவே, சலித்துக்கொண்டு, "அட கெரகமே, அங்கிட்டுப் போயித் தொலையுதே," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்துக்காரரைத் தேயிலைத் தோட்டத்துக்காரராக்கிவிட்டேன் என்று சிரித்து மழுப்பினேன்.

ஓகஸ்டில் பெரஹெரா, கண்டியின் பெரிய ஊர்வலத் திருவிழா, வந்தது. ஊர் முழுக்கச் சோதனை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் கடைக்குப் பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன், பின்னால் இரண்டு பேர். கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து, நானா, நான், திருச்செல்வம். நாங்கள் இருவரும் சண்டே சர்க்கிட்டில் இரண்டாவது சுற்றில் இருந்தோம்.

சார்ஜன் நடுத்தர வயது, சிங்கள மனிதர், நல்ல சிரித்த முகம். "பயப்பட வேணாம் தங்கச்சி, சும்மா பாத்துட்டுப் போறோம்," என்றார். திருச்செல்வத்தைவிட நல்ல தோட்டத்துத் தமிழ். "நான் ஹட்டன் பக்கம் ஒம்பது வருஷம் இருந்தேன்ல," என்று அவரே காரணமும் சொன்னார். ஊரில் எத்தனையோ பொலிஸ் இருக்க, பேச்சுத் தெரிந்த ஒருவரா வந்து வாய்க்க வேண்டும்?

அட்டைகளை வாங்கிப் பார்த்தார். திருச்செல்வத்துடையதை இரண்டு பக்கமும் பார்த்தார். "கண்டியா? விளையாடுங்க, விளையாடுங்க. என் மகனுக்கும் இந்தக் கார்னா உசிரு," என்று அவருடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

வேறு வழியில்லை. ஓட்டினோம். இரண்டு காரும் சிறுத்துச் சிறுத்துத் தூரம் போயின. நான் என் காரை மெதுவாக்கினேன், அவருக்கு இடம் விட்டேன். போதவில்லை. வளைவில் திரும்பியதும் அவருடைய கார் வலப்பக்கம் இழுத்து, வேலியில் மோதி, தலைகீழாகச் சக்கரம் சுழற்றியது.

"அட கெரகமே," என்றார் திருச்செல்வம். "இங்கிட்டு வாடான்னா அங்கிட்டுப் போயி விழுந்து கெடக்கு பாருங்க."

சார்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மூச்சு வந்தது. படிக்குப் போகிற வழியில் என் பக்கம் திரும்பி, சும்மா ஒரு பேச்சுக்கு, "இந்தத் தம்பி தெனமும் வருவாரா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கலஹாவில் பிறந்து, கலஹாவில் வளர்ந்து, இருபத்துநான்கு வருஷம் "ஆமா" சொன்ன வாய். சார்ஜனின் சிரிப்பு நின்றது. கையை நீட்டி என் அட்டையை மறுபடியும் வாங்கினார். கலஹா என்று வாசித்தார். என்னைப் பார்த்தார்.

"கலஹாவுல எப்பலேருந்து ஓம் சொல்றாங்க?"

திருச்செல்வம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். எனக்குப் புரிந்தது. அவர் ஏதோ சொல்லப் போகிறார், அதைத் தன் சொந்தப் பேச்சில்தான் சொல்லப் போகிறார், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறார். அந்த நொடியில்தான் இந்த மனிதரைத்தான் கட்டுவேன் என்று முடிவெடுத்தேன். நேரம் காலம் பார்க்காத முடிவு.

"அது நம்மட பேச்சு சேர்," என்றார் மஹ்மூத் நானா, ரேடியோவுக்குப் பக்கத்திலிருந்து அசையாமல். "நாங்க முஸ்லிம் ஆக்களும் ஓம் எண்டுதானே சொல்ற. ரெண்டு வருஷமா நம்மட கடேல ஈக்கி. இந்தப் புள்ளக்கித் தொத்திட்டு. போன கெழம இவட வாப்பா வந்து என்னயத்தான் ஏசின."

என் அப்பா இந்தக் கடைப்படி ஏறியதே இல்லை. பொய் சொல்லாத மனிதர் என்று நானாவுக்கு அலவத்துகொட முழுக்கப் பெயர்.

சார்ஜன் அட்டையைக் கொடுத்தார். "சொந்தப் பேச்ச மறந்துறாத தங்கச்சி," என்று அறிவுரையும் கொடுத்துவிட்டு இறங்கினார். பூட்ஸ் சத்தம் படியில் முழுவதும் தேய்ந்த பிறகு நான் அழுதேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

திருச்செல்வம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்த ஓமை என்னட்டை இருந்துதான் பிடிச்சனீர்," என்று காதோடு சொன்னார். "உம்மைக் கட்டப்போறன் எண்டு அம்மாவுக்கு எழுதிப்போட்டன். கப்பல்லை போய்ச் சேர ஒரு மாசம் செல்லும். அவ என்ன எழுதினாலும் என்ரை முடிவு மாறாது."

"நானும் ஒங்கம்மாவுக்குச் சளைச்சவ இல்ல," என்றேன்.

அன்று மாலை நானா பலகையும் வெள்ளைப் பெயின்டும் கொண்டுவந்து வைத்தார். "என்ன கேம் எண்டு எழுதுற புள்ள?"

கொப்பியைத் திறந்தேன். கூட்டிப் பார்க்கவே தேவையில்லை. ஓட்டத்தில், நிஜம் போலிருப்பதில், ஆள் மாறி ஆள் விளையாடினாலும் சலிக்காததில், எதில் பார்த்தாலும் சண்டே சர்க்கிட்தான். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்த ஊரில், இந்த வருஷத்தில், மனிதர்களைத் தம்மை மறந்து வாய் திறக்க வைக்கிற ஒரு விளையாட்டை ஆறு மெஷினிலும் போட்டு, கதவையும் திறந்து வைக்க எனக்குத் தைரியம் இல்லை. திருச்செல்வத்தை நான் பழக்கிவிட்டேன். படியேறி வருகிற மற்றவர்களை யார் பழக்குவது?

"டர்போ கராஜ்," என்றேன்.

நானா என்னைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. எழுதினார். பிள்ளைகள் அடுத்த நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள், எனக்கு ரசனை இல்லை என்றார்கள். வாங்கிக்கொண்டேன். போட்டி நடந்தது, யாரோ ஜெயித்தார்கள், யாரும் சத்தம் போடவில்லை.

சண்டே சர்க்கிட்டை ஐந்து மெஷினிலிருந்து அழித்தேன், சுவரோரத்து மெஷினில் மட்டும் விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை பகல், முன் கதவு பூட்டு, பின்னறையில் தையல் மெஷின் தடதடக்கும். திருச்செல்வம் பின்படியால் வருவார். அவர் இப்போது நன்றாக ஓட்டப் பழகிவிட்டார், தூர வளைவில் தானாக முட்டுவதில்லை. ஆகவே நான்தான் ஒவ்வொரு முறையும் அங்கே காத்திருந்து, வேண்டுமென்றே அவருடைய காரை இடித்து வேலிக்குள் தள்ளுவேன். அவர் என்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் கோதாரி என்று கத்துவார், வாரத்தில் அந்த ஒரு தடவை.